குத்துங்க டாக்டர்!

முதல்முறையாக அக்குபஞ்சருக்குப் போகிறேன். வலிக்குமா?

வலியோடுதானே போகிறீர்கள், இன்னுமா பயம்? ஊசியின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். மருந்து எதுவும் உள்ளே போகாது. சுருக்கென்று ஒரு கணம். பிறகு அந்த இடத்தில் மரமரப்பாக ஒரு கனம். இருபது, முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பலர் தூங்கிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள், மயக்கம் வரலாம்.

முதுகுவலி போய்விடுமா?

ஜெர்மனியில் 1162 பேரிடம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு பலன் கண்டவர்கள் அக்குபஞ்சரில் 47.6 சதவீதம். மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிரிவினருக்குக் குறித்த புள்ளியை விட்டு வேறெங்கோ மேலாகக் குத்தினார்களே, அவர்களில்? 44.2!

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ ஊசியைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

அமெரிக்க அதிபர் நிக்சனோடு சீனா போன நிருபருக்கு மயக்க மருந்தே இல்லாமல், அக்குபஞ்சர் ஊசி குத்தியே ஆபரேஷன் நடந்ததாமே?

நிக்சன் போனது 1972இல். நீங்கள் சொல்லும் நிருபர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு பீஜிங்கில் குடல்வாலை எடுத்தது 1971இல். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் அறுத்தார்கள். அக்குபஞ்சர் அதன்பிறகு, வயிற்று உப்புசத்துக்கு!

அங்கே போய் முதலில் என்ன கேட்பது?

"ஊசி புதுசா?" உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, கர்ப்பமா என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.