எதிர்பாராத 2,500 ரூபாயின் இயக்கவியல்: கீழ்பென்னாத்தூர் வீடொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

உழைத்து வந்த பணத்துக்கு ஒரு சொந்தக்காரர். உழைக்காமல் வந்ததற்கு வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்களம், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீடு. ஆய்வுப்பொருள், 2021 பொங்கலுக்கு அரிசி அட்டைதாரர்களுக்கு அரசு கொடுத்த 2,500 ரூபாய். மாதிரியின் அளவு ஐந்து பேர். ஐந்து பேரை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டு ஐவரைப் பார்த்ததில்லை.

முழுக்கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நைனா ரேஷன் கடையிலிருந்து திரும்புவதற்குள் அந்தப் பணம் மூன்று தடவை செலவாகிவிட்டிருந்தது. நைனாவுக்கு மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்க ஆள்கூலி. அம்மாவுக்கு நகைச்சீட்டுத் தவணை. தம்பிக்கு உடைந்த செல்போன் டிஸ்ப்ளே. ஆன்லைன் வகுப்புக் காலம் அது, படிப்பு என்ற சொல்லை அவன் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு உருக்கமாகச் சொன்னதில்லை. நான் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. என்றேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, இதில் ஒன்றுகூட ஊதாரித்தனம் இல்லை. ஒருவராவது முட்டாள்தனமாகக் கேட்டிருந்தால் அவரைத் திட்டிவிட்டு ஒற்றுமையாகியிருப்போம். அத்தனை பேரும் புத்திசாலிகளாக இருந்ததுதான் வினை. பின்னோக்கிப் பார்த்தால் அம்மா கட்சிக்கே வலு அதிகம். அந்த 2,500-க்கு அன்று அரை கிராம் தங்கம் வரும். 2024 பொங்கலுக்குக் கிடைத்த 1,000, ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தங்கம் விலை ஏறும் நாட்களில் அம்மா இதைச் சொல்லத் தவறுவதில்லை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் எல்லா ரூபாயையும் ஒரே ரூபாயாகப் பார்ப்பதில்லை, மனசுக்குள் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று விளக்கியவர். 2017-இல் நோபல் வாங்கினார். பரிசுப் பணத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, முடிந்தவரை அறிவுக்குப் பொருந்தாமல் செலவழிப்பேன் என்றாராம். ஆயாவுக்கு அவரைத் தெரியாது. ஆனால் கடுகு டப்பாவில் ஒரு கணக்கு, சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு, முந்தானை முடிச்சில் ஒரு கணக்கு என்று அந்தக் கோட்பாட்டை அவர் பல காலமாக நடத்திவருகிறார்.

எதிர்பாராத வரவுக்கு ஆயுள் குறைவு என்பது துணை முடிவு. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000, எங்கள் வீட்டில் மூன்றாவது மாதமே சம்பளமாகிவிட்டது. தேதி தள்ளினால் கோபம் வருகிறது. 2025 பொங்கல் தொகுப்பில் ரொக்கமே இல்லை. அதற்குள் அதையும் செலவழித்து முடித்திருந்தோம். வராத பணத்தில் விழுந்த அந்தத் துண்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது தனி ஆய்வுக்குரியது.

மூலப் பணத்துக்கு வருவோம். இரண்டு நாள் வாதத்தை ஆயா ஒரே வரியில் முடித்தார்: “கட்டிக்குடுத்த பொண்ணு வாசல பாத்துகினு நிப்பா, நீங்க இன்னா கணக்கு போட்டுகினு கீறீங்க?” அவலூர்பேட்டை அத்தைக்குப் பொங்கல் சீராக 1,500 போனது. களைக்கூலிக்கு 500. கடைசி 500 கடுகு டப்பாவுக்குள் போனது, அவசரத்துக்கு என்று.

மாசியில் கடுகு தீர்ந்தது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவன் தம்பி. கடுகு வந்தது, மீதிச் சில்லறை இன்னும் வரவில்லை.