படம் எப்படி, அண்ணாச்சி?

வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு மூன்று புதுப் படங்களாவது வெளியாவதென்பது தமிழ்நாட்டில் மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் தவறாத நியதியாகிவிட்டபடியால், அவற்றைப் பற்றிச் சனிக்கிழமை காலைக்குள் ஊராருக்கு ஓர் அபிப்பிராயத்தை விநியோகிக்கும் பொறுப்பும் யாராவது ஒரு புண்ணியவானின் தலையில் வந்து விடியத்தான் செய்கிறது. திருநெல்வேலியில் எங்கள் தெருவுக்கு வாய்த்த புண்ணியவானை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். பெற்றோர் இட்ட பெயரொன்று ரேஷன் கார்டில் இருக்கக்கூடும். ஜீவனோபாயத்துக்கு அவர் வைத்திருப்பது எவர்சில்வர் பாத்திரக் கடை. ஆனால் குக்கர் வாங்க வந்தவர் குக்கரின் விலையைக் கேட்பதற்கு முன்னால் "படம் எப்படி, அண்ணாச்சி?" என்று கேட்பதும், அண்ணாச்சி கையிலிருக்கும் துணியால் ஏதாவதொரு மூடியைத் துடைத்தவாறே மோட்டுவளையைப் பார்த்து ஒரு கணம் மௌனம் சாதிப்பதும், குக்கரைப் பற்றிய பிரஸ்தாபம் அதற்குக் கால்மணி நேரம் கழித்து ஆரம்பமாவதும் அந்தக் கடையின் சம்பிரதாயம்.

அந்த ஒரு கண மௌனத்தை லேசாக நினைத்துவிடக் கூடாது. கேட்டவர் எந்த நடிகரின் பக்தர், படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டவரா, பார்க்காதவராயின் பார்க்கும் உத்தேசம் உள்ளவரா, கடையில் பழைய பாக்கி ஏதேனும் வைத்திருப்பவரா என்னும் சகல விஷயங்களையும் அந்தக் கணத்துக்குள் பரிசீலித்த பிறகே அவர் வாய் திறப்பார்.

அபிப்பிராயம் உற்பத்தியாகும் ஸ்தலம் தியேட்டரின் உட்புறமன்று, வெளியே உள்ள ஸ்கூட்டர் ஸ்டாண்டுதான் என்பது அவரோடு படத்துக்குப் போய்வந்ததில் நான் கண்டுகொண்ட உண்மை. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் நாமெல்லாம் உதட்டைப் பிதுக்குவோம், அல்லது பக்கத்திலிருப்பவரைப் பார்த்துத் தலையாட்டுவோம். அண்ணாச்சியின் முகத்திலோ ஒரு சலனமும் இராது. ஸ்டாண்டுக்கு வந்து, டோக்கனைக் கொடுத்துவிட்டு, தம்முடைய வண்டி வழியிலேயே நின்றாலும் அதைத் தொடாமல், ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். "மரண மாஸ்டா!" என்று ஒரு கல்லூரிப் பையன் கத்துவான். "காசுக்குப் பிடிச்ச தெண்டம்" என்று ஒரு குடும்பஸ்தர் முணுமுணுப்பார். "பாட்டு ஒண்ணும் தேறல" என்று ஓர் அம்மாள் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தபடியே சொல்வார். இம்மூன்றையும் மனத்தில் வாங்கி, பெரும்பான்மை எந்தப் பக்கம் சாய்கிறதென்று நிதானித்து, சிறுபான்மையோரின் மனமும் கோணாதபடி ஒரு வாக்கியத்தைச் சமைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பும் தறுவாயில் அவர் திருவாய் மலர்ந்தருளும் தீர்ப்பு இது: "முதப்பாதி பரவால்லவே. ரெண்டாம் பாதிதான் கொஞ்சம் இழுத்துட்டான்."

இந்த முதல் பாதி, இரண்டாம் பாதி என்னும் பாகப்பிரிவினை நம் நாட்டுக்கு உரிய விசேஷம். அநேக தேசங்களில் சினிமாவை ஆரம்பித்தால் முடியும்வரை நிறுத்துவதில்லை. நாமோ நடுவில் விளக்கைப் போட்டுச் சமோசா விற்கிறோம். தியேட்டர்க்காரரின் வரும்படியில் சமோசாவுக்கும் பாப்கார்னுக்கும் கணிசமான பங்கு உண்டாகையால், இந்த வழக்கம் சூரிய சந்திரர் உள்ளவரை நீடிக்கும் என்று நம்பலாம். டைரக்டர்களும் இதை அனுசரித்து, விளக்குப் போடுவதற்குச் சற்று முன்னால் ஒரு வெடிகுண்டையோ, செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த ஓர் ஆசாமியையோ கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். அண்ணாச்சியின் தகப்பனார் காலத்து டூரிங் டாக்கீஸ்களில் படங்காட்டும் எந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்குமாதலால், ரீல் மாற்றுவதற்காகவே மூன்று நான்கு தடவை விளக்கைப் போட வேண்டியிருந்தது. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து ஆசனம் அமைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்தத் தலைமுறைப் பெரியோர்கள், சிவராத்திரிப் பூஜையைப் போலப் படத்தையும் நாலு காலமாகப் பிரித்து அபிப்பிராயம் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். நாகரிகம் முன்னேறி எந்திரம் இரண்டானதில் நாலு இரண்டாகக் குறைந்துவிட்டது.

இரண்டாம் பாதி முதல் பாதியைவிட மேல் என்று அண்ணாச்சி சொல்லி நான் கேட்டதேயில்லை. இதற்குக் காரணம் டைரக்டர்களின் திறமைக் குறைவாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. முதல் பாதிக்கு வந்து உட்காரும்போது வயிற்றில் சாப்பாடும் மனத்தில் நம்பிக்கையும் இருக்கின்றன. இரண்டாம் பாதியில் சமோசா மட்டும்தான்.

அவருடைய தராசு ஒரே ஒரு தடவை பழுதானதுண்டு. 2024 ஜூன் மாதம் நிதிலன் சாமிநாதனின் 'மகாராஜா' வந்திருந்தது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தம் வீட்டிலிருந்த லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கிறார். விசாரித்ததில் லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி என்று தெரியவருகிறது. விஜய் சேதுபதிக்கு அது ஐம்பதாவது படம். கதையில் முன்னால் நடந்தது பின்னால் வருகிறது, பின்னால் நடந்தது முன்னாலேயே வந்துவிடுகிறது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. அன்றைக்கு ஸ்டாண்டில் அண்ணாச்சி வெகுநேரம் நின்றார். கடைசியில், "எது முதப்பாதி, எது ரெண்டாம் பாதின்னே பிடிபடலியேவே!" என்றார், கணக்குப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டவரின் குரலில்.

ஆயினும் ஆபத்துக் காலத்தில் தொழில் ஞானம் கைகொடுத்தது. அந்தப் படத்தில் லாரியொன்று வீட்டுக்குள் பாயும்போது, குப்பைத்தொட்டி கவிழ்ந்து குழந்தையை மூடிக்கொண்டு உயிரைக் காப்பாற்றிவிடுகிறது. மறுநாள் காலையில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணாச்சி ஓர் அண்டாவை விரலால் தட்டிக் காட்டியபடி, "அந்தத் தகரத்துக்கு இந்தக் கனங்கூடக் கிடையாதுவே. லாரி மோதினா சப்பளிஞ்சு போயிரும். நான் எத்தன வருசமா பாத்திரம் விக்குதேன், எனக்குத் தெரியாதா? லாஜிக் இல்ல!" என்று முழங்கினார். அன்று இரண்டு அண்டா விற்றதாகக் கேள்வி.

லாஜிக் விஷயத்தில் அவருடைய நியாயம் அலாதியானது. கதாநாயகன் ஒற்றைக் கையால் நாற்பது பேரை அந்தரத்தில் பறக்கவிடுவதையும், எதிரிகளின் துப்பாக்கிக் குண்டுகள் மரியாதையாக விலகிப் போவதையும் அவர் யாதொரு ஆட்சேபமுமின்றி அங்கீகரிப்பார். ஆனால் அதே கதாநாயகன் வீட்டில் அம்மா சோறு பரிமாறும் கரண்டி சாம்பார்க் கரண்டியாக இருந்துவிட்டால் தீர்ந்தது. படம் முழுவதும் யதார்த்தத்துக்கு விரோதமாகிவிடும். இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது என் கட்சி. மனிதன் தனக்குத் தெரிந்த இடத்தில்தானே பொய்யைப் பொறுக்கமாட்டாதவனாக இருக்கிறான்?

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு படங்களாக வந்தபோது அண்ணாச்சியின் பாடு கொண்டாட்டமாயிற்று. இரண்டு படத்துக்கு நாலு பாதி கிடைத்தனவல்லவா? கல்கியின் நாவலை அவர் படித்ததில்லை. ஆனால் பெரியப்பா பைண்டு பண்ணி வைத்த ஐந்து பாகங்களும் வீட்டுப் பரணில் பத்திரமாக இருப்பதால், படித்தவர்களுக்குரிய ஆதங்கம் முழுவதையும் அனுபவிக்கும் பாத்தியதை தமக்கு உண்டென்று கருதினார். "நாவல்ல சேந்தன் அமுதன்தானவே நிசமான மதுராந்தகன்! அவன வெறும் பூக்காரப் பையனாவே விட்டுட்டானே! படிச்சவனுக்கு வயிறு எரியுமா எரியாதா?" என்று ஒரு நாள் மாலை என்னிடமே மேஜையைத் தட்டிக் கேட்டார். அன்று காலையில் அந்தச் செய்தியை அவருக்குச் சொன்னவன் நான்தான்.

பழைய படங்களென்றால் மட்டும் அவருக்குப் பாதிகள் மறந்துபோகும். எஸ். பாலசந்தர் 1954-ல் எடுத்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. சிவாஜி கணேசன் ஆரம்பத்திலேயே சுடப்பட்டு இறந்துபோகிறார். அவரைக் கொன்றது யாரென்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதுதான் மீதிக் கதை. அண்ணாச்சியின் தகப்பனார், "கணேசனே செத்தப்புறம் யாருக்குடே நான் உக்காந்திருக்கணும்?" என்று பாதியில் எழுந்து வந்தவர் என்பது அந்தக் குடும்பத்தில் பெருமையாகச் சொல்லப்படும் சரித்திரம். அதே படத்தை டெலிவிஷனில் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி இப்ப எவன்வே எடுக்கான்?" என்று பெருமூச்சு விடுகிறார் புதல்வர். தகப்பனாரும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கமாக நின்று ஒரே படத்துக்கு நியாயம் வழங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. இன்று அவர் இழுவை என்று தள்ளுகிற படங்களைப் பற்றி அவருடைய பேரன் என்ன பெருமூச்சு விடுவானோ!

அவர் உள்ளத்தை ஒரு படம் அசைத்துவிட்டால் அதை ஒப்புக்கொள்வதைப்போல அவருக்குச் சங்கடமான காரியம் வேறில்லை. 2024 செப்டம்பரில் பிரேம்குமாரின் 'மெய்யழகன்' பார்க்கும்போது நான் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். நீடாமங்கலத்துக்குக் கல்யாணத்துக்கு வரும் அரவிந்த் சாமியை, பெயர் ஞாபகம் வராத ஓர் உறவுக்காரர் 'அத்தான் அத்தான்' என்று விழுந்து விழுந்து உபசரிக்கிறார். கார்த்தி அந்த உறவுக்காரர். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படத்தில் நடப்பது அவ்வளவே. அண்ணாச்சி நாலு தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏசி நேரா மூஞ்சியில அடிக்குவே" என்று கேளாமலே விளக்கம் சொன்னார். வெளியே வந்து அவர் கொடுத்த தீர்ப்பு: "ஒருத்தன் பேரு ஞாபகம் வராததுக்கு மூணு மணி நேரமாவே?"

படம் நீளம் என்று பலரும் சொன்னதன்பேரில், வெளியான சில நாளைக்குள் படத்திலிருந்து சுமார் 18 நிமிஷத்தை வெட்டிவிட்டார்கள். இச்செய்தி கடைக்கு எட்டியதும் அண்ணாச்சி அடைந்த ஆனந்தத்துக்கு அளவேயில்லை. தாம் ஸ்டாண்டில் நின்று உச்சரித்த வாக்கியம் எப்படியோ சென்னைக்குப் போய்ச் சேர்ந்து சினிமா உலகத்தை நடுங்கவைத்துவிட்டதாகவே நம்பினார். நாலு நாள் கழித்து, தனியாகப் போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து, "வெட்டியிருக்கக் கூடாதுவே. நல்ல நல்ல சீனையெல்லாம் எடுத்துட்டானே பாவி" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

நிற்க. சில காலமாகத் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி அபிப்பிராயம் கேட்கும் இளைஞர்கள் தோன்றி, அண்ணாச்சி வகையறாவுக்கு உலகப் பிரசித்தி தேடிக் கொடுத்தார்கள். ஸ்டாண்டு வரையில் போய்க் காது கொடுக்க அவகாசமில்லாமல், படியிறங்கும்போதே பிடித்துக்கொண்டால் மனிதர் என்ன செய்வார்? அண்ணாச்சி ஒரே ஒருமுறை அகப்பட்டார். தலைமயிரைக் கையால் கோதிவிட்டு, "பி.ஜி.எம். நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லி நழுவினார். 2024 நவம்பரில், இப்படி மைக்கோடு வருகிறவர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடவேண்டாமென்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டபோது, நியாயமான நடவடிக்கை என்று முதலில் ஆதரித்தவர் அவர்தான்.

போன தீபாவளிக்கு ஒரு பெரிய நடிகரின் படம் வந்தது. அதை முதல் நாளே பார்த்துவிட்ட அண்ணாச்சி, அந்த நடிகரின் பரம பக்தரான வங்கி மேனேஜரிடம் "பிரமாதம்" என்றும், எதிர்முகாம் நடிகரின் ரசிகனான தம் தங்கை மகனிடம் "தேறாதுடே" என்றும், இல்லத்தரசியிடம் மட்டும், குடும்பத்தோடு போனால் டிக்கெட், பாப்கார்ன், ஆட்டோ என்று ஆகக்கூடிய மொத்தச் செலவை உத்தேசித்து, "பொம்பளைக பாக்குத படம் இல்ல" என்றும் சொல்லி வைத்திருந்தார். ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் ஒரு பால்காய்ச்சு வந்தது. பந்தியில் மேனேஜரும் மருமகனும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். அவியல் வருவதற்குள் விஷயம் அம்பலமாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, எங்கிட்ட பிரமாதம்னீங்க?"

"எங்கிட்டத் தேறாதுன்னேளே மாமா?"

அண்ணாச்சி அப்பளத்தை நிதானமாக நொறுக்கினார். "ரெண்டும் உள்ளதுதான். சாருக்குச் சொன்னது முதப்பாதி. ஒனக்குச் சொன்னது ரெண்டாம் பாதி" என்று சொல்லி, சாம்பாருக்காக வாளிக்காரரை விளித்தார். மேனேஜர்கூடத் திருப்தியடைந்து தலையாட்டினார்.

எதிர்வரிசையில் இருந்த அண்ணாச்சியின் சம்சாரம் அப்போதுதான் வாய் திறந்தார்.

"நான் செவ்வாக்கெழமையே எதுத்த வீட்டு மதினிகூட மேட்னிக்குப் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. "படம் எப்படி அத்தை?" என்றான் மருமகன்.

"நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பாயசத்தில் கை வைத்தார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் காத்திருந்தார். மேற்கொண்டு ஒன்றும் வருவதாகத் தெரியவில்லை.

"எந்தப் பாதி?" என்றார்.