கை கழுவிய அப்பா

எங்கள் பட்டாசு ஆலைக்குள் ஓடக் கூடாது. ஆலை என்று எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. சிவகாசிப் பக்கம் அதற்குப் பயர் ஆபீஸ் என்று பெயர். தீக்குச்சி செய்தால் தீப்பெட்டி ஆபீஸ், அச்சடித்தால் அச்சாபீஸ். தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆபீஸுக்குத்தான் பாதி ஊர் போய் வருகிறது. அப்படியொரு ஆபீஸில் நான் போர்மேன்.

செல்போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் எனக்கு மகள் பிறந்த செய்தி முதலில் வாட்ச்மேனுக்குத்தான் தெரிந்தது. அவர் பக்கத்தில் வந்து காதோடு சொல்லியிருக்கலாம். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே சட்டப்படி விட்டிருக்கும் வெட்டவெளியில் நின்று, "அண்ணாச்சி, பொம்பளப் பிள்ள!" என்று ஒரு சத்தம் போட்டார். கடைசி ஷெட்டில் இருந்த என் காதுக்கு அது வருவதற்குள், திரி வெட்டும் அக்காமார் பிள்ளைக்குப் பெயரே வைத்து முடித்திருந்தார்கள்.

ஓட வேண்டும் போலிருந்தது. ஆனால் "ஓடாதே, உரசாதே, இழுக்காதே, போடாதே" என்று தினமும் காலையில் தொண்டை கிழியக் கத்துகிறவனே ஓடலாமா? நடந்தேன். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமியார் வீட்டார் பதினோரு பேர் பிள்ளையைப் பார்த்துவிட்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "வாங்க மாப்பிள்ள, நடந்தே வந்தீகளாக்கும்?" என்றார் அத்தை. உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார் என்று சும்மா இருந்துவிட்டேன்.

1922-ல் எங்கள் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். கற்றுத் திரும்பினார்கள், கந்தக பூமி பிழைத்துக்கொண்டது. அப்பன் வேலையைக் கற்றுத்தரக் கல்கத்தாவிலும் ஆள் கிடையாது. ஆனால் நர்ஸம்மா பிள்ளையை நீட்டியதும் என் கைகள் தானாக வேலை பார்த்தன. முழங்கையை உடம்போடு ஒட்டி, மூச்சை அடக்கி, மருந்து நிரப்பிய தட்டை வாங்குவதுபோல வாங்கினேன். "பிள்ள தூக்கிப் பழக்கமா?" என்று கேட்டார். "இல்லம்மா, பூச்சட்டி" என்றேன்.

மூன்றாம் மாதம் தாயும் பிள்ளையும் சிவகாசிக்கு வந்தார்கள். வெடிமருந்துச் சட்டப்படி ஒரு வேலையறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே நுழையும்போது செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்க வேண்டும். இரும்புச் சாமான் ஆகாது. எங்கள் வீட்டுத் தொட்டில் அறையில் ஒரே நேரத்தில் பதினான்கு பேர், இரும்புக் கட்டில், எவர்சில்வர் சங்கு. "நாலு பேருக்கு மேல உள்ள வராதீங்க" என்று அறிவித்தேன். "ஏன், நாங்க என்ன மருந்தா?" என்று கேட்டுவிட்டுச் சித்தி ஐந்தாவது ஆளாக உள்ளே போனாள்.

ராத்திரி விவகாரம் தனி. பட்டாசுச் சத்தம் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. வெடிக்கும் நேரத்தையும் கட்டுப்படுத்தியது. தமிழ்நாட்டில் தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரம் குறித்தது. இந்த உத்தரவு எதுவும் என் மகளுக்குச் சார்வு செய்யப்படவில்லை. அவளுடைய நேரம் நள்ளிரவு 1 முதல் 3. வகை, சரவெடி. இடையில் ஒரு விநாடி ஓயும். திரி அணைந்துவிட்டது என்று கிட்டப் போகிறவன் ஏமாளி.

தாலாட்டுப் பாடச் சொன்னாள் மனைவி. எங்கள் மாவட்டத்தில் அதற்கு முன்னோடி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் தன்னை யசோதையாகவே நினைத்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடியவர். துளசிச் செடியடியில் கண்டெடுத்த பெண்ணை ஆண்டாளாக வளர்த்தவர். அவருக்கு வந்தது தமிழ். எனக்கு வந்தது பாதுகாப்பு விதி. அதையே நீலாம்பரி மாதிரி ஏதோ ஒன்றில் இழுத்தேன்: "மருந்தச் சிந்தாதே, கண்ணே, வாசல அடைக்காதே." மூன்றாம் விதிக்குள் தூங்கிவிட்டாள். எங்கள் தொழிலாளர்களும் அதே விதியில்தான் தூங்குவார்கள்.

மற்ற ஊர்களில் பகலில் வெடிச் சத்தம் கேட்டால், என்ன விசேஷம் என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் வானத்தைப் பார்ப்பார்கள், எந்தத் திசையில் புகை என்று. ஒருநாள் மதியம் அப்படியொரு சத்தம். அன்று யாருக்கும் ஒன்றுமில்லை, எங்கோ கோயில் கொடைக்குப் போட்ட வேட்டு. சாயங்காலம் வாசலில் போனை வாங்கினால் மனைவியிடமிருந்து 17 அழைப்புகள். முன்பெல்லாம், "உள்ள போன் கிடையாதுன்னு தெரியாதா?" என்று எரிந்து விழுவேன். அன்று, பதினேழோடு எப்படி நிறுத்தினாள் என்றுதான் நினைத்தேன்.

என் அப்பாவுக்கும் இதே தொழில். அவர் என்னைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை. வேலை விட்டு வரும்போது நான் காலைக் கட்டப் போனால், போலீஸைக் கண்டவர்போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். பிள்ளையைக் கை கழுவிய மனுஷன் என்று முப்பது வருஷமாக மனதுக்குள் ஒரு வழக்கு நடத்தி வந்தேன். தீர்ப்பும் நானே எழுதியிருந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம். நடக்கப் பழகியிருந்த மகள், நான் வாசலில் நுழைந்ததும் கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். எனக்கு முழங்கை வரை அலுமினியத் தூள். வெள்ளிக் கவசம் சாத்திய சாமிபோல இருந்தேன். யோசிக்கும் முன்பே இரண்டு கையும் மேலே போய்விட்டன.

திண்ணையில் இருந்த அம்மா சிரித்துவிட்டாள். "அப்படியே ஒங்கப்பன்தான்யா. மருந்துக் கையோட பிள்ளையத் தொடக் கூடாதுன்னு ஓடுவாரு. தேச்சுக் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள நீ தூங்கிருவ. அதுக்கப்புறம் உன்னத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு, சோறு ஆறிப்போகும்."

அவர் தூக்கி நான் பார்த்ததே இல்லை என்றது சரிதான். தூங்குகிறவன் எப்படிப் பார்ப்பான்?

அலுமினியத் தூள் ஒரு தேய்ப்பில் போகாது. இரண்டு முறை சோப்புப் போட வேண்டும், பத்து நிமிஷம் பிடிக்கும். என் மகள் ஏழு மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறாள். அதனால் இப்போது பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட ஆரம்பிக்கிறேன். எங்கள் தெருவில் ஓடுவதற்குத் தடையில்லை.