சாரல் நிலத்துக் கார்களுக்கு மேற்பூச்சு: திணைக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வு நோக்கம்

தமிழில் இலக்கணத்துக்கு உரை உண்டு, உரைக்கு உரை உண்டு, அந்த உரைக்கு மறுப்புரையும் உண்டு. ஆனால் தென்காசியில் புதுக் கார் வாங்கிய ஒருவர், பெயிண்டுக்கு மெழுகு போடுவதா, சீலண்ட் போடுவதா, கடனோடு கடனாகச் செராமிக்கே போட்டுவிடுவதா என்று வாட்டர் சர்வீஸ் வாசலில் விழிபிதுங்கி நிற்கையில், அவருக்குக் கைகொடுக்க ஒரு சூத்திரம்கூட இல்லை. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டம் உதயமான பின்னும் இக்குறை நீடிப்பது வருந்தத்தக்கது. அதைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். முதல், கரு, உரி என்னும் முப்பொருள் முறையே ஆய்வு நெறியாகக் கொள்ளப்படுகிறது. இந்நெறியை இதுவரை யாரும் காருக்குப் பொருத்தாமல் விட்டது வியப்பே.

2. முதற்பொருள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். தென்காசி மாவட்டத்தில் காலையில் புறப்படும் கார், மாலைக்குள் நான்கு திணைகளைக் கடந்துவிடும். குற்றாலம் ஐயமின்றிக் குறிஞ்சி. சிற்றாறு பாயும் வயல்வெளி மருதம். சூரியகாந்தி பூக்கும் சுந்தரபாண்டியபுரத்தை முல்லை எனக் கொள்ளலாம். சங்கரன்கோவில் சாலை சித்திரை மாதத்தில் பாலை. கடல் இல்லாததால் நெய்தல் இல்லை. எனவே உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் சிக்கலைத் தூத்துக்குடி அறிஞர்களுக்கு விட்டுவிடுகிறோம். பிரானூர் பார்டர் எத்திணையில் அடங்கும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பரோட்டா சாப்பிட்டு முடித்தவர்கள் கார்க் கதவைத் திறக்கும் முறையை நோக்க, அதை எண்ணெய்த் திணை எனத் தனியே வகுப்பதே தகும்.

பொழுதுகளில் ஆய்வுக்கு உரியவை ஆனி, ஆடி, ஆவணி. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து சாரலாக விழும் காலம் அது. மழைக்கும் சாரலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கார் உடையவர் அறிந்திருக்க வேண்டும். மழை காரைக் கழுவும். சாரல், காரின் மேல் ஏற்கெனவே இருக்கும் புழுதியைப் பதமாகக் குழைத்துக் கொடுக்கும். அடுத்த கால் மணி நேரத்தில் வெயில் வந்து அதைக் காயவைக்கும். திரும்பவும் சாரல்.

3. கருப்பொருள்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என இலக்கண நூலார் கூறும் கருப்பொருள்கள் அனைத்தும் காரின் பெயிண்டுக்குப் பகையாக அமைந்திருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

தெய்வம்: ஆயுத பூஜையன்று பானெட்டில் இடும் சந்தனமும் குங்குமமும். வெள்ளைக் காரில் குங்குமம் தீபாவளிவரை இருக்கும். சாமி குற்றம் ஆகிவிடும் என்று யாரும் துடைப்பதில்லை.

பறவை: எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் வெயிலோடு கூட்டுச் சேர்ந்து, பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட்டை அரிக்கும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு ஊறவைத்து, அலுங்காமல் எடுக்க வேண்டும்.

மரம்: நிழலுக்கென்று பலாவின் அடியில் நிறுத்தியவர் பிசினோடு வீடு திரும்புவார்.

விலங்கும் உணவும்: இவ்விரண்டும் குற்றாலத்தில் சேர்ந்தே இயங்குகின்றன. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் இம்மலையின் குரங்குகளைப் பாடினார். அவர் காலத்தில் கார் இல்லாதது அக்குரங்குகளின் புகழுக்குப் பேருதவி புரிந்தது. ஐந்தருவிச் சாலையில் ஆய்வாளர் கண்ட காட்சி இது. ஒரு தாய்க்குரங்கு சுற்றுலாப் பயணி ஒருவரின் பையிலிருந்து மங்குஸ்தான் பழத்தைப் பறித்துக்கொண்டு, வெள்ளைக் கார் ஒன்றின் கூரையில் அமர்ந்தது. இரு கையாலும் அழுத்திப் பழத்தைப் பிளந்து, சுளைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சியது. தோலைப் பானெட்டின்மேல் கவிழ்த்து வைத்தது. மங்குஸ்தான் தோலின் சாறு துணியில் பட்டால் சாயம்போல் ஏறும். பிறகு அது முன்கண்ணாடி வழியே இறங்க முயன்றது. அண்மையில் பாலிஷ் போட்ட கார் போலும். குரங்கு சர்ரென்று வழுக்கி வைப்பரைப் பிடித்து நின்றது. வைப்பர் நிற்கவில்லை.

இவை அல்லாமல் மனிதக் கருப்பொருளும் உண்டு. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. கார்க் கதவின் கைப்பிடி பற்றித் தீர்ப்பில் ஏதும் சொல்லப்படவில்லை.

4. உரிப்பொருள்

ஐந்திணைக்கும் ஐந்து உரிப்பொருள் என்பது பழைய கொள்கை. கார் உடையாருக்கு எத்திணையிலும் இரங்கல் ஒன்றே உரிப்பொருள்.

5. மேற்பூச்சு வகைமை

வகைமைக்கு முன் ஓர் அளவு. தகரத்தின்மேல் உள்ள பெயிண்ட் அடுக்குகள் அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் பளபளப்பைத் தரும் கிளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மெல்லிய தலைமயிரின் கனம். ரப்பிங் பாலிஷ் போடும்போதெல்லாம் இதில் கொஞ்சம் தேய்ந்து போகும். போனது திரும்பாது. ஆண்டுதோறும் ரப்பிங் போடுவோர் காரைப் புதுப்பிக்கவில்லை, செலவழிக்கிறார்கள்.

(அ) மெழுகு. மெழுகுகளில் உயர்ந்தது கார்னாபா. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டி எடுப்பது. நம் பனை பதநீர், நுங்கு, கருப்பட்டி, கிழங்கு என்று எல்லாம் தந்தது. மெழுகை மட்டும் பிரேசில்காரனுக்கு விட்டுவிட்டது. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகும். கார்னாபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். சித்திரை வெயிலில் கறுப்புப் பானெட் 70 டிகிரியைத் தொடக்கூடும் என்பதால் இவ்வேறுபாடு முக்கியம். பளபளப்பில் இதற்கு நிகரில்லை. ஆயுள் ஓரிரு மாதம்.

(ஆ) சீலண்ட். ஆலையில் செய்த பாலிமர். மெழுகின் ஆழ்ந்த மினுமினுப்பு இதில் சற்றுக் குறைவு. ஆனால் நான்கைந்து மாதம் தாங்கும். பூசிய பின் அரை நாளாவது நீர் படாமல் இறுக வேண்டும். ஆடி மாதக் குற்றாலத்தில் அரை நாள் நீர் படாத இடம் எது என்பது தனி ஆய்வுக்குரியது.

(இ) டெஃப்லான். 1938இல் ராய் பிளங்கெட் கண்டறிந்த இப்பொருள் 327 டிகிரியில் உருகும். தோசைச் சட்டியில் இதைப் பிடிக்கவைக்க ஆலையில் சூளை வேண்டும். வாட்டர் சர்வீஸில் பனியன் வேஸ்டால் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும் என்பதை நம்புவதற்கு வேறுவிதமான பக்தி வேண்டும்.

(ஈ) செராமிக். சிலிக்கா அடிப்படையிலான பூச்சு. முறையாகப் போட்டால் ஆண்டுக் கணக்கில் தாங்கும், விலையும் அவ்வாறே. '9எச் கடினம்' என்று சுவரொட்டியில் போட்டிருக்கும். அந்த அளவை பென்சிலுக்கானது. 9எச் பென்சில் கீறாது என்பதே அதன் பொருள். குரங்கு பென்சில் பயன்படுத்துவதில்லை.

6. கள ஆய்வு

தென்காசி வாட்டர் சர்வீஸ் ஒன்றில் பதிவுசெய்த உரையாடல்:

"அண்ணாச்சி, என்ன போடட்டும்? டெஃப்லானா, செராமிக்கா?"

"எது ரொம்ப நாள் நிக்கும் தம்பி?"

"வண்டிய வெளிய எடுக்காம வச்சிருந்தா எல்லாமே நிக்கும் அண்ணாச்சி."

இவ்விளைஞரின் கூற்றில் நூற்பாவுக்குரிய சுருக்கமும் தெளிவும் அமைந்துள்ளன.

அடுத்து, நீர்த்துளிச் சோதனை. பூசிய பானெட்டில் துளி எவ்வளவு உருண்டு நிற்கிறதோ அவ்வளவு நல்ல பூச்சு என்பது பொதுநம்பிக்கை. ஆய்வாளர் பள்ளிக் குழந்தையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துத் துளியின் கோணத்தை அளந்தார். தெருவார் அவரை அளந்தனர். துளிக்கோணம் 90 டிகிரியைத் தாண்டினால் அப்பரப்பு நீரை விலக்குகிறது என்று பொருள். தாமரை இலையில் அது 150ஐயும் தாண்டும். ஜெர்மனியின் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் 1997இல் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். தாமரை இலைத் தண்ணீர்போல் ஒட்டாமல் வாழும் உறவினர்களை நாம் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்டறிந்திருந்தோம்.

ஆனால் உருண்டு நிற்கும் துளி ஓடிப்போகாமல் அங்கேயே காய்ந்தால் வட்டக் கறை விழும். சாரல் நீரில் உப்பு இல்லாததால் அதனால் பெரிய தீங்கில்லை. போர்த் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் விட்டால், அதிலுள்ள சுண்ணாம்பு பானெட் முழுதும் கோலம் போட்டுவிடும். நல்ல பூச்சுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது இவ்வாய்வின் வருத்தமான கண்டுபிடிப்பு.

7. முன்னோர் நெறி

குற்றாலத்தில் பெயிண்டைக் காப்பது புதிய சிக்கல் அன்று. நடராசரின் ஐந்து சபைகளுள் ஒன்றான சித்திர சபை இங்கேதான், தெப்பக்குளக் கரையில் உள்ளது. உட்சுவரெல்லாம் மூலிகை வண்ண ஓவியங்கள். ஆண்டுதோறும் சாரல் அடிக்கும் ஊரில் அவற்றைக் காக்க முன்னோர் என்ன மெழுகு பூசினர் என்று ஆய்வாளர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேலே கூரை போட்டிருக்கிறார்கள்.

8. முடிவும் பரிந்துரையும்

கூரை உள்ளவர் கார்னாபா மெழுகு பூசி அழகு பார்க்கலாம். தெருவில் நிறுத்துவோருக்குச் சீலண்டே தக்கது. அதை வைகாசி முடிவதற்குள் போட்டுவிட வேண்டும், சாரல் தொடங்கிய பின் போடுவது வீண். காரை விரைவில் விற்க எண்ணுவோர் செராமிக்குக்குச் செலவழிக்க வேண்டாம், அதன் பலனை வாங்குபவரே அனுபவிப்பார். எதைப் போட்டாலும் முதலில் நன்றாகக் கழுவிப் பிசினும் தாரும் நீக்க வேண்டும். அழுக்கின்மேல் பூசினால் அழுக்குக்குத்தான் பாதுகாப்பு.

இவை அனைத்தினும் தலையாயது ஒன்று. பெயிண்டில் சிலந்தி வலைபோல் தெரியும் கீறல்களில் பெரும்பகுதி குரங்கு போட்டதன்று, துடைக்கும் துணி போட்டது. தரையில் விழுந்த துணியில் ஒட்டிய மணல் எந்த மேற்பூச்சையும் மதிக்காது. ஆகவே மெழுகு வாங்கும் காசில் முதலில் இரண்டு நல்ல மைக்ரோஃபைபர் துணி வாங்குங்கள். கீழே விழுந்ததை அலசாமல் மறுபடி காரில் வைக்காதீர்கள்.