கோர்டன் ஃப்ரீமேனுக்கு வேலை கிடைத்த கதை

என் பத்து வயது மகனிடம், அவன் விளையாடிக்கொண்டிருக்கும் எதையாவது காட்டி, "இதோட கடைசி லெவல் எப்படிடா இருக்கும்?" என்று கேட்டால், திருச்செந்தூர் கடலைப் பார்த்து இதற்குக் கதவு எந்தப் பக்கம் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறான். அவன் விளையாட்டுகளுக்கு முடிவு கிடையாது. ஒரு சீசன் போகும், இன்னொரு சீசன் வரும், புதுச் சட்டை விற்பார்கள், அதை வாங்கித் தரச் சொல்லி அவன் என்னிடம் வருவான். முடிவு என்று ஒன்று இருந்து, அது மோசமாகவும் இருந்து, அதற்காக ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்த ஆட்கள் நாங்கள் என்று அவனிடம் சொன்னால் நம்பமாட்டான்.

2002-ல் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர், பிளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை, வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஏசி என்ற பெயரில் ஒரு முனகல், மணிக்கு இருபது ரூபாய். நோட்டில் பேரும் நேரமும் எழுதிவிட்டு உட்கார்ந்ததும் முதல் வேலை, மவுஸைக் கவிழ்த்து, அடிமூடியைத் திருகி, உள்ளேயிருக்கும் உருண்டையை எடுத்துச் சட்டையில் துடைத்து, உருளைகளில் அப்பியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டுவது. அந்த அழுக்கு ஒரே துண்டாகச் சுருண்டு வரும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவுமே, உங்களுக்கும் நினைவிருக்கும்; அதற்குப் பிறகு வந்த எந்த மவுஸும் என்னிடம் அவ்வளவு நெருக்கமாகப் பழகியதில்லை.

பையன்களெல்லாம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில், டஸ்ட் 2 மணல் சந்துகளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டும், "எல, பின்னால நிக்கான் பாரு" என்று தடுப்புக்கு மேலாகக் கத்தி எதிரிக்கே துப்புக் கொடுத்துக்கொண்டும் இருப்பார்கள். அந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கே ஹாஃப் லைஃப் என்கிற விளையாட்டின் மேல் ரசிகர்கள் எழுப்பிய மாடி. கீழ்வீடு இல்லாமல் மாடி நிற்காது என்பதால் ஹாஃப் லைஃபும் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. ஊரே மாடியில் குடியிருக்க, கீழ்வீட்டுக் கதவைத் தட்டியவன் நான் ஒருவன்தான். "தனியா விளையாடுததுக்கு எதுக்குடே துட்டு குடுக்க?" என்பார் கடை அண்ணாச்சி. வீட்டில் சி பிளஸ் பிளஸ் படிப்பதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பொய்க்குத் தனிமைதான் தோதாக இருந்தது.

1998 நவம்பரில் வெளிவந்த ஹாஃப் லைஃப், வால்வ் நிறுவனம் செய்த முதல் விளையாட்டு. அதற்கு முந்தைய வருடமே வந்திருக்க வேண்டியது. செய்து பார்த்தது அவர்களுக்கே பிடிக்காமல், பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு மறுபடி செய்தார்கள். கதை எழுத மார்க் லெய்ட்லா என்கிற அறிவியல் புனைகதை எழுத்தாளரைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துத் துப்பாக்கி விளையாட்டுகள் கண் திறந்ததுமே சுடச் சொல்லும். இதுவோ, நியூ மெக்சிகோவில் பாறைக்கு அடியில் இருக்கும் பிளாக் மேசா என்ற ஆராய்ச்சிக்கூடத்துக்குள், ஒரு தொங்கு வண்டியில் நம்மை ஏற்றி, சாவகாசமாக வேலைக்கு அழைத்துப் போகும். ஐந்து நிமிடத்துக்கும் மேலாக நாம் செய்யக்கூடியது ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பது மட்டும்தான். பார்க்கிறவனின் பெயர் கோர்டன் ஃப்ரீமேன், வயது 27, எம்.ஐ.டி.யில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம். எம்.ஐ.டி. என்றதும் எனக்குக் குரோம்பேட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஜூலையில்தான் அங்கே படித்த அப்துல் கலாம் ராஷ்டிரபதி ஆகியிருந்தார். அதே கல்லூரிக்காரர் ஒருவர் அமெரிக்காவில் போய் இப்படி மாட்டிக்கொண்டாரே என்று சில நாட்கள் உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

அவ்வளவு படித்தவருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன வேலை தெரியுமா? ஒரு தள்ளுவண்டியைத் தள்ளவேண்டும். வண்டியில் இருக்கும் படிகத்தைக் கதிருக்குள் தள்ளியதும் எல்லாம் வெடித்து, வேற்றுலகப் பிராணிகள் கட்டடம் முழுக்கக் கொட்டிவிடும். அதற்கப்புறம் கையில் ஒரு கடப்பாரை. மேலே போக வழி தேட வேண்டியதுதான். அந்தக் கட்டடத்தை நான் என் பள்ளிக்கூடத்தைவிட நன்றாக அறிந்திருந்தேன். பொத்தானை அமுக்கினால் குளிர்பான டப்பா விழும் இயந்திரம், யாரோ சூடுபண்ணி மறந்த சாப்பாடு உள்ளே வெடிக்கும் மைக்ரோவேவ், "வாங்க சார்" என்கிற தோரணையில் கதவு திறந்துவிடும் காவலாளி, நம்மைக் காப்பாற்ற வந்தார்கள் என்று ஓடிப்போய் நின்றால் நம்மையே சுடும் ராணுவம். நடுவில் எங்கேயும் சினிமா காட்டி நிறுத்தமாட்டார்கள். எல்லாமே நம் கண்ணெதிரே, நாம் நடக்க நடக்க நடக்கும். கோர்டன் மட்டும் கடைசிவரை ஒரு வார்த்தை பேசமாட்டான். அப்பாவுக்கு எதிரில் நான் எப்படியோ அப்படி.

ஒரு ராக்கெட் எஞ்சின் குழிக்குள் மூன்று பச்சைக் கைகள் நீண்டு ஆடும் இடம் ஒன்று உண்டு. அவற்றுக்குக் கண் தெரியாது, காதுதான். மெல்ல நடந்தால் பிழைக்கலாம், ஓடினால் ஒரே கொத்து. எரிபொருள், ஆக்ஸிஜன், மின்சாரம் மூன்றையும் தேடிப் பிடித்து இயக்கி, எஞ்சினைக் கொளுத்தினால்தான் அது சாகும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? இரண்டு வாரம் அங்கேயே கிடந்தேன். ராத்திரி ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து, அப்பா படுத்திருக்கும் கட்டிலைத் தாண்டி, குதிகால் தரையில் படாமல் அடுக்களைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கைகள் ஞாபகத்துக்கு வரும். கடைசியில், பக்கத்துத் திரைக்குள்ளிருந்த ஒரு கல்லூரி அண்ணன், தலையை நீட்டி, "எஞ்சின எரிடே" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். இன்று அதே சந்தேகத்துக்கு நூறு வீடியோ இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒருவர் முதல் மூன்று நிமிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.

இப்படியெல்லாம் கட்டிக்காத்த என் ஆசை போய் விழுந்த இடம் ஸென். ஆராய்ச்சிக்கூடத்தின் அடிவயிற்றிலிருந்து ஒரு வாசலில் குதித்தால், வேற்றுலகத்தின் எல்லை: அந்தரத்தில் மிதக்கும் பாறைத் தீவுகள். குளிர்பான இயந்திரம் இல்லை, காவலாளி இல்லை, பேச்சுக்கு ஒரு மனுசன் இல்லை. தீவு விட்டுத் தீவு தாவவேண்டும். ஓடிக்கொண்டே குனிந்து, குனிந்தவாக்கில் எம்பினால் நெடுந்தாவல். ஒரு விரல் பிந்தினால் பாதாளம். மூன்று நாள், அறுபது ரூபாய், பாதாளத்துக்கே போனது. பிறகு கோனார்க் என்று கூரை உயரத்துக்கு ஒரு சிலந்தி, தொங்கும் முட்டைப்பையோடு. அப்புறம் நிஹிலாந்த். பெருந்தலையும் சூம்பிய காலுமாய், நெஞ்சிலிருந்து மூன்றாவது கை முளைத்து, குகைக்குள் மிதக்கிற ஒரு கிழட்டுக் குழந்தை. சுவரில் இருக்கும் படிகங்களை உடைத்து, எம்பி எம்பி மேலே போய், திறந்துகொள்ளும் மண்டைக்குள் சுடவேண்டும். நான் மேலே போய்க் குறிபார்த்த நொடியில் கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு தடவை அழுதுவிட்டு அடங்கியது. இருட்டில் அண்ணாச்சியின் குரல் மட்டும் வந்தது: "ஒரு மணி நேரத்துக்குத்தான் எழுதியிருக்கேன், பயப்படாத."

மறுநாள் கொன்றேன். கொன்றபின் வந்ததுதான் பெரிய அடி. விளையாட்டு முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப்பக்கமும் எட்டாத பாலத்திலும் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டேயிருந்த, கோட்டு சூட்டு, கையில் பெட்டி வைத்த ஒரு மனிதர் வருகிறார். அரசாங்கச் சொத்து என்று ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். மறுபடியும் ஒரு தொங்கு வண்டி, இந்தத் தடவை அண்டவெளியில். எதிரே ஒளிவட்டம், என் முதலாளிகளிடம் வேலைக்குச் சேர்கிறாயா, சேர்வதென்றால் உள்ளே வா என்கிறார். உலகத்தைக் காப்பாற்றினவனுக்கு வேலையா? மாலை இல்லை, மேளம் இல்லை, ஒரு பெண்கூட வந்து நன்றி சொல்லவில்லை. மூன்று நிமிடம்தான் பாக்கி என்று அண்ணாச்சி விரலால் காட்டினார். அவசரத்தில் உள்ளே நுழைந்தேன். கோர்டன் பணியில் சேர்ந்துவிட்டான், அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கிறான் என்ற கணக்கில் ஏதோ எழுத்து வந்து, திரை இருண்டது. அறுபதோடு முன்னே செலவழித்தது எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய்க்கு மேல் இருக்கும். வேறு முடிவு ஒன்று உண்டா என்று பார்க்கக்கூட என்னிடம் காசு இல்லை. அந்த வாரம் இயற்பியல் தேர்வில் அரை ஆயுட்காலம் கேட்டிருந்தார்கள், 0.6931-ஐ லாம்டாவால் வகுக்கவேண்டும். கோர்டனின் நெஞ்சிலும் அதே லாம்டாதான் இருக்கும். கோபத்தில் அந்தக் கேள்வியைத் தொடாமல் வந்தேன். பதினேழு வயதில் ஒரு மனிதன் காட்டக்கூடிய உச்சபட்ச எதிர்ப்பு அது.

மூன்று வருடம் கழித்து, பொறியியல் கல்லூரியின் செமினார் ஹாலில், கோட்டு சூட்டு, கையில் பெட்டி வைத்த ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, எங்கள் நிறுவனத்தில் சேர்கிறாயா என்று கேட்டார். அவர் முகத்தை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. வெளியே அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாள். நான் உள்ளே நுழைந்தேன். முதல் நாள் வாசலில் பென் டிரைவையும் கேமரா போனையும் நிறுவனப் பாதுகாப்பு என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஐந்து மாதம் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச். பணியில் சேர்ந்துவிட்டேன், அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தேன். சோழிங்கநல்லூருக்கு ஆபீஸ் பஸ்ஸில், ஜன்னலோரம், வேடிக்கை பார்த்தபடி போன ஒரு காலையில்தான், அபத்தம் என்று நான் வைத அந்த முடிவு முழு விளையாட்டிலும் ஒன்றே ஒன்றாய் நிஜத்தைச் சொன்ன இடம் என்று உறைத்தது. மீதியெல்லாம்தான் கற்பனை.

முடிவு சரியில்லை என்று நொந்தவனுக்கு அப்புறம் முடிவே கிடைக்கவில்லை என்பது வேறு கதை. 2004-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2007-ல் வந்த அத்தியாயம், அழுகையின் நடுவில் அறுந்து நின்றது. அடுத்தது வரவேயில்லை. பத்து வருடம் பொறுத்துப் பார்த்த லெய்ட்லா, 2017-ல், பெயர்களையெல்லாம் கொஞ்சம் மாற்றி, கதை எப்படிப் போயிருக்கும் என்று ஒரு கடிதமாக எழுதி வெளியிட்டார். ஒருகாலத்தில் எண்ணூறு ரூபாய் கரைத்து அடைந்த முடிவை, ஆபீஸ் காபி ஆறுவதற்குள் படித்து முடித்தேன்.

இன்னொரு பக்கம், என்னைப்போலவே நொந்த ரசிகர்கள் சிலர், நொந்ததோடு நிற்காமல், முதல் விளையாட்டையே அடியிலிருந்து புதிதாகக் கட்டினார்கள். பிளாக் மேசா என்று பேர் வைத்து 2012-ல் இலவசமாக விட்டார்கள். அதில் ஸென் மட்டும் இல்லை. எல்லோரும் திட்டிய இடத்தை அவசரமாகச் செய்து இவர்களும் திட்டு வாங்க விரும்பவில்லை. அதற்கு மட்டும் இன்னும் ஏழெட்டு வருடம் எடுத்துக்கொண்டு, 2020 மார்ச்சில் முழுசாக முடித்தார்கள். அதே மாதம் ஊரடங்கு. வீட்டில் உட்கார்ந்து அந்த ஸென்னைப் பார்த்தேன். காடு, சதுப்பு, நீல ஒளி, ஆகாயத்தில் அருவி. ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடக்கூடிய இடம் பல மணி நேரம் நீண்டிருந்தது. குறை சொல்ல எதுவுமே இல்லை. அதுதான் குறையாக இருந்தது. பதினெட்டு வருடமாக வளர்த்த ஒரு வருத்தத்தை யாரோ வந்து நன்றாகத் துடைத்துவிட்டுப் போனதில், ஏதோ ஒன்றைப் பறிகொடுத்ததுபோல் இரண்டு நாள் இருந்தேன்.

2023 நவம்பரில் ஹாஃப் லைஃபுக்கு இருபத்தைந்து வயதானபோது, சில நாட்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதை நியாயமாக வாங்கினேன், அதுவும் காசு கொடுக்காமல். அரையாண்டு லீவில் மகன் உட்கார்ந்தான். மேப் எங்கே என்றான், எங்கே போகணும்னு அம்புக்குறி காட்டாதா என்றான், அந்தப் பச்சைக் கைகளை வீடியோ பார்த்து ஒரே சாயங்காலத்தில் எரித்தான். நான் ஸென்னுக்காகக் காத்திருந்தேன். பரம்பரை வருத்தம் ஒன்றைக் கைமாற்றிக் கொடுக்கிற அப்பாவின் பெருமிதத்தோடு பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் தீவைப் பார்த்ததும் அவன் துள்ளினான். "அப்பா, இது ஒபி!" என்றான். ராப்லாக்ஸில் மேடைவிட்டு மேடை தாவுவதற்கென்றே ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் இருக்கின்றனவாம், பேரே ஒபிதானாம். என் அறுபது ரூபாயை விழுங்கிய பாதாளத்தின் மேல் அவன் சிட்டுக்குருவி மாதிரி போனான். "இதுக்கு முன்னாடி வந்தது எல்லாம் போர். இதுதாம்ப்பா சூப்பர்."

கடைசியில் கோட்டு சூட்டுக்காரர் வந்தார். தொங்கு வண்டி, அண்டவெளி, எதிரே ஒளிவட்டம். மகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"உள்ள போடா."

"யாருன்னே தெரியாது. எதுக்குப் போகணும்?"

நேரம் கடந்தது. அவர் ஏமாற்றத்தோடு ஏதோ சொல்ல, திரை மாறியது. ஆயுதம் ஒன்றுமில்லாமல் கோர்டன் இருட்டில் நிற்கிறான், சுற்றிலும் கூட்டமாக வேற்றுலகப் பிராணிகள். 2002-ல் மூன்று நிமிடம் போதாமல் நான் பார்க்காமல் விட்ட முடிவு இதுதான் போலிருக்கிறது. இவன் விழுந்து விழுந்து சிரித்தான். சேமித்த இடத்துக்குப் போய் மறுபடியும் அதே வண்டியில் நின்றான். மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டான்.

பக்கத்து அறையில் என் லேப்டாப் மணி அடித்தது. பத்து மணி மீட்டிங்.

"இருப்பா," என்றான் மகன், "இன்னொரு தடவை வேண்டாம்னு சொல்லிக் காட்டுறேன்."

நான் உட்கார்ந்தேன். மூன்று நிமிடத்துக்கு.