மூன்றாம் பெஞ்சு ஆயர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தப் பங்குக் கோயிலுக்குப் போனாலும் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். இந்த மாவட்டத்துப் பங்குகளில் சில திருச்சி மறைமாவட்டத்தில் இருக்கின்றன, சில தஞ்சை மறைமாவட்டத்தில் இருக்கின்றன. இவரோ இரண்டு ஆயர்களுக்கும் மேற்பட்டவர். முதல் பெஞ்சில் உட்காராதது தாழ்ச்சி. கடைசி பெஞ்சில் உட்காராததற்குக் காரணம் வேறு: அங்கிருந்து பீடம் சரியாகத் தெரியாது. சாமியார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார், எழுந்தேற்றத்துக்கு மணி எத்தனை முறை அடித்தது, காணிக்கைப் பாட்டின் மெட்டு எந்தச் சினிமாவிலிருந்து வந்தது, நன்மையை யார் கையில் வாங்கினார், யார் நாவில் வாங்கினார் என்று எல்லாக் கணக்கும் அவரிடம் உண்டு. மற்றவர்கள் ஆண்டவரைக் கும்பிட வருகிறார்கள். இவர் ஆண்டவருக்கு மரியாதை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க வருகிறார். அபிஷேகம் ஆகாத இந்த அதிகாரிக்குப் ‘பெஞ்சு ஆயர்’ என்று பெயர் வைப்பதில் தவறில்லை.

இந்த ஆயர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவருடைய கடிகாரம் 1962-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கிய அன்று, நின்றுபோனது. இன்னொருவருடையது 1965-இல், சங்கம் முடிந்த அன்றுதான் ஓடவே தொடங்கியது. முன்னவருக்கு இலத்தீன் பூசை போனது முதல் இடி, சாமியார் சனங்களைப் பார்த்துத் திரும்பியது இரண்டாம் இடி, பெண்பிள்ளைகளின் தலையிலிருந்து முக்காடு இறங்கியது உலக முடிவின் அடையாளம். பின்னவருக்கோ பூசை நேரத்தில் செபமாலை உருட்டும் பாட்டியைக் கண்டால் போதும், சங்க ஏடுகள் எல்லாம் ஒரே மூச்சில் நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பாட்டி அறுபது வருடமாக அப்படித்தான் உருட்டுகிறாள். அவளுக்கு எந்தச் சங்கமும் வந்து சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பதிதர் என்று நினைக்கிறார்கள். ஆனால் பூசை முடிந்ததும் இருவரும் செய்வது ஒரே வேலைதான். சாமியாரை மடக்கி, “சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க” என்று தொடங்குவார்கள். தப்பாக நினைக்க வேண்டிய எல்லாம் அதற்குப் பிறகு வரும். அதில் தீராதது பங்கின் சிறு சமூகமான அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். குழுவின் பெயரில் அன்பு இருப்பது பெயரளவில்தான்.

பெஞ்சு ஆயரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெரிய வெள்ளியன்று தூம்பாவுக்குத் தோள் கொடுக்க முதலில் வருவது இவர். ஊரில் சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பிடிப்பதும் இவர்தான். ஞானோபதேசம் அக்கறையோடு படித்தவர். அதனால் எதிர்த்துப் பேசுகிறவரிடம் கையில் ஆதாரத்தோடு வருவார். ஞான இரக்கச் செயல்கள் ஏழு, அதில் பாவிகளைக் கண்டிப்பது ஒன்று, அதைத்தான் நான் செய்கிறேன் என்பார். உண்மைதான். சகோதரனைத் திருத்துவது அன்பின் செயல் என்று தோமா அக்குவினாரும் எழுதியிருக்கிறார். கோளாறு என்னவென்றால், அதே ஏழில் பிழை பொறுப்பதும் இருக்கிறது, பிறரால் வரும் தொல்லையைப் பொறுமையாகச் சகிப்பதும் இருக்கிறது. பெஞ்சு ஆயர் அந்த ஏழையும் ஓட்டல் சாப்பாட்டுப் பட்டியல் மாதிரி பார்க்கிறார். தமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் தினமும் மூன்று வேளையும் வாங்கிக்கொள்கிறார். பட்டியலில் அவை பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. பொறுமை கண்டிப்புக்கு எதிரியல்ல, கண்டிக்கும் முறையே அதுதான். பொறுமை கழன்ற கண்டிப்பில் மிச்சம் நிற்பது கண்டிக்கிறவருடைய ருசி மட்டுமே. இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு நடைமுறை வைத்தார்: அடுத்தவன் சொன்னதைத் தள்ளுவதற்கு முன் அதற்கு நல்ல பொருள் கொள்ள முயல வேண்டும், முடியாவிட்டால் நீ என்ன பொருளில் சொன்னாய் என்று அவனையே கேட்க வேண்டும், அப்படியும் பிசகாக இருந்தால் அன்போடு திருத்த வேண்டும். பெஞ்சு ஆயர் முதல் இரண்டு படியையும் தாண்டி நேரே மூன்றாம் படிக்கு வருகிறார். அங்கேயும் ‘அன்போடு’ என்பது அவருடைய அச்சுப்பிரதியில் விட்டுப்போயிருக்கிறது.

அவரிடம் இன்னொரு அம்பும் இருக்கிறது. சின்னப்பர் அந்தியோக்கியாவில் இராயப்பரையே முகத்துக்கு முகம் எதிர்த்தாரே, முதல் பாப்பரசருக்கே அந்த மரியாதை என்றால் நம் பங்குச் சாமியார் எம்மாத்திரம் என்பார். நல்ல அம்புதான், ஆனால் எய்தவர் பக்கமே திரும்பும். சின்னப்பர் எதிர்த்தது முகத்துக்கு முகம். முதுகுக்குப் பின்னால் தேநீர்க் கடையில் அல்ல. இந்த ஒரு காட்சிக்கு என்ன பொருள் என்பதில்தான் அகுஸ்தினாருக்கும் எரோணிமுசுக்கும் பெரிய மனத்தாங்கல் வந்தது. அகுஸ்தினார் ஆப்பிரிக்காவிலிருந்து எரோணிமுசின் விளக்கத்தை மறுத்துப் பெத்லகேமுக்கு எழுதிய கடிதம் போக வேண்டிய கைக்குப் போகாமல் இத்தாலியில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் நகல் நகலாக உரியவரை அடைந்தது. தம்மைக் குறைத்துப் பேர் வாங்கப் பார்க்கிறான் இந்த இளையவன் என்று எரோணிமுசு கொதித்தார். ஃபார்வர்டு செய்யும் வழக்கம் கி.பி. 400 வாக்கிலேயே இருந்திருக்கிறது! அந்தப் பிணக்கு ஆறப் பத்தாண்டு ஆனது. இருவரும் புனிதர்கள், அவர்களுக்கே பத்தாண்டு.

நம் மண்ணின் கதையைப் பார்த்தால் பத்தாண்டு கொசுறு. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தத்துவ போதகர் நோபிலி காவி உடுத்தினார், மனந்திரும்பியவர்களுக்குப் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் விட்டுவைத்தார். அவர்மேல் முதல் புகார் எழுதியது வெளியாள் அல்ல, அதே மதுரையில் இருந்த மூத்த இயேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டசு. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அந்த வழக்கங்களைப் பொறுத்துக்கொண்டார். பாண்டிச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704-இல் பலவற்றைத் தடுத்தார். ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது என்பது அவர் கட்டளைகளில் ஒன்று. தமிழனுக்கு அது குமட்டும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. தடையை எதிர்த்து வாதாட ரோமுக்குப் போனவர்களில் ஒருவர் நம் மாவட்டத்து ஆவூர்க் கோயிலோடு பேர் சேர்ந்த புஷே சாமியார். 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பெரும்பாலும் தடையின் பக்கமே தீர்த்தார். இந்தச் சடங்குகளுக்கு இடம் கொடுப்பதில்லை என்று குருக்கள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940-இல் நீக்கப்பட்டது. 1969-இல் ஆரத்தியும் கைகூப்பலும் குத்துவிளக்கும் அனுமதிபெற்று பீடத்துக்கே வந்துவிட்டன. நோபிலியின் சந்தனத்திலிருந்து ஆரத்தித் தட்டு வரை 363 வருடம். ஒவ்வொரு கட்டத்திலும் ‘இதோடு வேதம் கெட்டது’ என்று சத்தமிட்டவர்கள் இருந்தார்கள். பாதிப் பேர் சொன்னதற்குத் திருச்சபையே பிறகு வேறு பதில் சொல்லியிருக்கிறது. திருச்சபை முந்நூற்றறுபது வருடம் யோசித்த விஷயத்தைப் பெஞ்சு ஆயர் பிரசங்கம் முடிவதற்குள் தீர்த்துவிடுகிறார். ஆவூரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுற்றுலாக் குறிப்புகளில் புஷே அந்தப் பழைய கோயிலை 1547-இல் கட்டினார் என்றே அச்சாகி வருகிறது. அவர் பிறந்ததோ 1655-இல். பிறப்பதற்கு நூற்றெட்டு வருடம் முன்பே கோயில் கட்டிய இந்தப் புதுமையை எந்தப் பெஞ்சு ஆயரும் திருத்தியதாகத் தெரியவில்லை. எல்லாரும் பாட்டு மெட்டில் மும்முரமாக இருந்துவிட்டார்கள்.

அதே ஆவூரில் வீரமாமுனிவர் பணிசெய்தார் என்பது ஊருக்குப் பெருமை. அவரும் சாந்த சொரூபி அல்ல. தரங்கம்பாடி லூத்தரன்காரர்களைக் கிழித்துப் ‘பேதகம் மறுத்தல்’ எழுதியவர். ஆனால் திருக்குறளின் முதல் இரண்டு பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவர்தான். இலத்தீன் மேல் உயிரை வைத்திருக்கும் பெஞ்சு ஆயர் பொறையுடைமை அதிகாரத்தை அந்த இலத்தீனிலேயே வாசிக்கலாம். தமிழில்தான் ஏறவில்லை.

இங்கே மெய்யான ஒரு மறுப்பு எழும். பொறுமை, பொறுமை என்று சொல்லித்தானே காலம் காலமாக வாயை அடைத்தார்கள்? நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகக் கோயிலுக்குள்ளேயே சுவர் நின்றதே, அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானா? வேண்டாம். பொறுமை என்பது எனக்கு நேர்கிற தொல்லையை நான் தாங்குவது. அடுத்தவன் முதுகில் விழும் அடியை நான் தாராளமாகச் சகித்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் கிடையாது. அந்தச் சுவர் 1910-இல் இடிபட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். பெஞ்சு ஆயரைச் சோதிக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. மணி ஒரு தடவை குறைந்தால் துள்ளி எழுகிறவர், கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கு ஒரு மூலை என்றால் “அது ஊர் வழக்கம், கொஞ்சம் பொறுமையா போகணும்” என்கிறார். ஆக அவரிடம் பொறுமை இல்லை என்று சொன்னது என் பிசகு. இருக்கிறது, வைத்திருக்கும் இடம்தான் மாறிப்போயிருக்கிறது.

அப்படியானால் வழிபாட்டு ஒழுங்கு ஒரு பொருட்டே இல்லையா என்று கேட்கலாம். பொருட்டுதான், அதனால்தான் அதைக் கைகலப்பிலிருந்து காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் சீரோ மலபார் சபையின் ஆயர் மன்றம் 2021-இல் குரு பூசையின் எந்தப் பகுதியில் எந்தத் திசை நோக்க வேண்டும் என்று ஒரே முறையை வகுத்தது. எர்ணாகுளத்தில் பலர் ஏற்கவில்லை. 2022 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள்களில் புனித மரியன்னை பேராலயத்தின் பீடத்தைச் சுற்றியே தள்ளுமுள்ளு நடந்தது. அந்தக் கிறிஸ்துமசுக்குப் பேராலயத்தில் பூசையே இல்லை. சாமியார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வழக்கில் கடைசியில் எந்தப் பக்கமும் திரும்பச் சாமியாரும் இல்லை, சனமும் இல்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

உயிர்ப்பு விழாவை ஒட்டி ஆவூரில் பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கும்போது இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து கூடுகிறார்கள். பெஞ்சு ஆயர் அவர்களை மலர்ந்த முகத்தோடு வரவேற்பார், இடம் ஒதுக்குவார், தண்ணீர் கொடுப்பார். வேறு மதத்துக்காரரிடம் அவருக்கு ஒரு பிணக்கும் இல்லை. பிணக்கெல்லாம் பெஞ்சின் அந்த ஓரத்தில் இருக்கும் இன்னொரு கத்தோலிக்கரோடுதான், அதாவது 1965-காரரோடு. ஞாயிறு பூசையில் சமாதானம் பகிரும் நேரம் வரும். இந்தியாவில் அதைக் கைகூப்பிச் செய்யலாம் என்பதும் 1969-இல் வந்த சலுகைதான். அந்தப் பட்டியலில் நம்மவர் முழுமனதோடு ஏற்றுக்கொண்டது இது ஒன்றையே. கைகுலுக்குவதென்றால் பக்கத்து ஆளைத் தொட வேண்டியிருக்கும். கூப்பிய கையோடு அவர் முன்னால் திரும்புகிறார், பின்னால் திரும்புகிறார், பெண்கள் பக்கம் ஒரு கும்பிடு, பாடகர் குழுவுக்கே ஒரு கும்பிடு. பெஞ்சின் அந்த ஓரம் வரும்போது மட்டும் கண் மேலே போய்விடுகிறது. மின்விசிறி ஓடுகிறதா என்று பார்க்கிறார். அந்த ஓரத்திலிருந்தவரும் அதே மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.