சளியின் தோற்றுவாய்: ஒரு கும்பகோண-மியூனிக் ஒப்பாய்வு

சளி எதனால் பிடிக்கிறது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று கும்பகோணக் கட்சி. மற்றது மியூனிக் கட்சி. முன்னதற்கு ஆதீனகர்த்தர் என் அம்மா. பின்னதற்கு அப்படித் தனித்தலைமை கிடையாது. என் மகள் போகும் கீட்டாவின் ஆசிரியைகள் எல்லோரும் அதன் உரையாசிரியர்கள். (ஜெர்மனியில் குழந்தைகள் காப்பகத்தைக் கீட்டா என்பார்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்குப் பகல் பராமரிப்புக்கு இடம் கேட்க 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை உண்டு. இடம் சளியோடு சேர்ந்துதான் கிடைக்கும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.) இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே, மூக்கொழுகும் மூன்று வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்தபடி நிற்கும் பெற்றோரின் நிலையிலிருந்து எழுதப்படுவது இவ்வாய்வு.

கும்பகோணச் சித்தாந்தம் எளிது. குளிர் உடம்புக்குள் நுழைய உச்சந்தலை, காது, உள்ளங்கால் என மூன்று வாசல்கள். மூன்றையும் மூடிவிட்டால் தீர்ந்தது. துணைக் காரணங்கள்: துவட்டாத தலை, ராத்திரித் தயிர், பொழுது சாய்ந்தபின் தின்ற வாழைப்பழம். வாழைப்பழத்தை ஏற்காதாரும் உளர். அவர்கள் கொய்யாப்பழத்தின்மேல் பழி போடுவர். பரிகாரம் கற்பூரவல்லிச் சாறு, சுக்குப் பற்று, குளித்த தலைக்கு ராஸ்னாதிப் பொடி, கடைசியாகச் சாம்பிராணிப் புகை. இந்தக் கடைசியில்தான் சிக்கல். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் 2017 இறுதிக்குள் எல்லா வீடுகளிலும், குழந்தைகள் அறை உட்பட, புகை எச்சரிக்கைக் கருவி பொருத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்தக் கருவிக்குச் சாம்பிராணியும் ஒன்றுதான், தீ விபத்தும் ஒன்றுதான். ஆகவே இங்குள்ள தமிழ்க் குழந்தைகளின் தலை ஹேர் டிரையரில் காய்கிறது. அதில் மணமே இல்லை என்பது பாட்டியின் ஆட்சேபம்.

மியூனிக் கட்சியோ வெளிக்காற்று படாததால்தான் சளி என்கிறது. மழையோ பனியோ, கீட்டாப் பிள்ளைகள் தினமும் தோட்டத்துக்குப் போயே ஆகவேண்டும். அதற்கென்றே ஒரு சேற்றுக் கால்சட்டை இருக்கிறது. ரப்பர் பூசிய துணி. மார்பு வரை ஏறித் தோளில் வார் மாட்டும். கீழே பூட்ஸின் அடிவழியாக ஒரு எலாஸ்டிக் பட்டை ஓடும். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதாகையால் துணி மாட்டும் கொக்கிகளில் பெயருக்குப் பதில் படம். என் மகளுடையது முள்ளெலி. மாலையில் முள்ளெலிக்குக் கீழே தொங்கும் அந்தக் கால்சட்டையைத் தரையில் வைத்தால் ஆளில்லாமலே நிற்கும், அவ்வளவு காய்ந்த சேறு. அதைக் காட்டியபோது அம்மா கேட்டது: “ஏன்டா, குழந்தை நாத்து நடவா போறா?”

வீட்டுக்குள்ளும் இதே கொள்கைதான். ஜனவரியானாலும் நாளுக்கு இரண்டு மூன்று தடவை சன்னல்களை விரியத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். இதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் வீட்டுக்காரர்களும் உண்டு. ஆனால் இதே ஜெர்மானியர்கள், ரயில் பெட்டியில் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டு திறந்திருந்தால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் ஒன்றை மூடுவார்கள். திறந்த சன்னல் ஆரோக்கியம். ஊடே ஓடும் காற்று நோய். இரண்டும் ஒரே காற்றுதானே என்று கேட்டால் இல்லை என்பதே விடை. கண்டவர் விண்டிலர் வகையைச் சேர்ந்த நுட்பம் இது.

பரிசோதனைச் சான்றுகளுக்கு வருவோம். இங்கிலாந்தில் ஸாலிஸ்பரி அருகே 1946 முதல் 1989 வரை சாதாரணச் சளிக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் இயங்கியது. அங்கே தன்னார்வலர்கள் வெந்நீரில் குளித்துவிட்டு ஈர உடையோடு, காற்று வீசும் நடைவழியில் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். குளிரால் சளி கூடவில்லை என்று முடிவு கட்டினார்கள். இது மியூனிக்குக்குச் சாதகம். 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 180 பேரை அழைத்து, பாதிப் பேரின் கால்களை 20 நிமிடம் குளிர்ந்த நீரில் வைக்கச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் அந்தப் பாதியில்தான் அதிகம் பேர் சளி என்று முறையிட்டார்கள். உள்ளங்கால் வாசல்! செய்தியைக் கேட்டு அம்மா வியக்கவில்லை. “இதுக்கு எதுக்குடா நூத்தியெண்பது பேரு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

சளிக்குக் காரணம் கிருமி என்று மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. ரைனோ வைரஸில் மட்டும் 160க்கு மேற்பட்ட வகைகள் என்பர். சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுச் சளி இயல்பு, காப்பகம் போகும் பிள்ளைக்கு இன்னும் கூடும் என்றும் கூறுவர். குழந்தை மருத்துவர் இக்கட்சியினர். இது சரியான கட்சி. அதனாலேயே விவாதத்துக்கு உதவாது. கணக்குக்கு உதவும். அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள தாய், தகப்பன் ஒவ்வொருவருக்கும் பிள்ளையின் நோய்க்கென 2025இல் 15 வேலைநாள் விடுப்பு, ஆக 30. எட்டுச் சளி, சளிக்கு நாலு நாள் என்றால் 32. மிஞ்சும் இரண்டு நாளைப் பாட்டிகளின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் போலும். எங்கள் பாட்டியோ குளிர்காலக் கடிகாரக் கணக்கில் நாலரை மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிறார்.

அங்கிருந்தும் அவர் கடமை தவறுவதில்லை. “மூக்கைக் காட்டு” என்பார். மகள் போனை மூக்கிலேயே ஒட்டி வைப்பாள். கும்பகோணத்தில் திரை முழுக்க ஒற்றை மூக்குத் துவாரம் தெரியும். அதைப் பார்த்தே, இது மூணாம் நாள் சளி, நாளைக்குக் கட்டியாகும் என்பார். பொய்த்ததில்லை.

இனி இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. கட்சி பிரிவது ஊரால் அன்று, வயதால். டிராமில் பிள்ளை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தால் போதும். முன்பின் அறியாத மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, காது சில்லிடுமே, தலையில் போடக்கூடாதா என்று நம்மை விசாரிப்பார். எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மையார், காது வலித்தால் வெங்காயத்தை நறுக்கித் துணியில் முடிந்து, சூடுகாட்டிக் காதில் கட்டச் சொன்னார். காய்ச்சலுக்கு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைக் கெண்டைக்காலில் சுற்றச் சொன்னார். அம்மாவிடம் தெரிவித்தேன். வெங்காயத்தை உடனே ஏற்றுக்கொண்டார். சின்ன வெங்காயமா பெருசா என்பது மட்டுமே அவருக்கிருந்த ஐயம்.

மேலும் ஒரு சான்று. நவம்பர் 11ஐ ஒட்டி இங்கே பிள்ளைகள் காகித விளக்கேந்தி, இருட்டில் பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். மார்ட்டின் என்ற வீரர் குதிரைமேல் வந்தபோது, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனைக் கண்டு, தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த கதைக்கான விழா அது. மகள் கதையைப் பாட்டிக்குச் சொன்னாள். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆளுக்குப் பாதின்னா ரெண்டு பேருக்கும்ல சளி பிடிக்கும்?” என்றார். இதை மாடி அம்மையாரிடம் ஜெர்மனில் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சற்று யோசித்துவிட்டு, குதிரையில் வேறு போனாரே, காற்று அடித்திருக்குமே என்றார்.